எந்த ‘வாட்-இஃப்’ மாதிரியைக் கட்டலாம்? கடற்படைத் தாக்குதல் ஜெட் விமானங்களுக்கான நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

வரலாற்றில் ஒரு முடிவு மட்டும் வேறாக இருந்திருந்தால் எந்த விமானம் எந்த விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் நின்றிருக்கும் என்ற கேள்விக்குப் பிளாஸ்டிக்கில் விடை சொல்வதே வாட்-இஃப் மாதிரிக் கலை. இதில் இறங்க விரும்புவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். கையில் ஸ்கைஹாக், ஜாகுவார் போன்ற தாக்குதல் விமானம் ஒன்றின் கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி) இருக்கிறது, மனத்தில் நான்கைந்து யோசனைகள் இருக்கின்றன. ஆனால் நிறத்தையும் சின்னங்களையும் மட்டும் மாற்றுவதா, தரைத் தளத்து விமானத்தைக் கப்பலுக்கு ஏற்றதாக்குவதா, கைவிடப்பட்ட திட்டம் ஒன்றை ரெசின் (அச்சில் ஊற்றி வார்த்த பிசின்) கிட்டில் கட்டுவதா, இரண்டு கிட்களை இணைத்து யாரும் வரையாத ஒரு விமானத்தைப் படைப்பதா என்று முடிவெடுக்க இயலவில்லை. இந்த நான்கையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் கப்பலின் தளம். தரையிலிருந்து பறக்கும் விமானத்துக்கு ஓடுபாதை போதும். கடற்படை விமானமோ மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்: அது எப்படி ஏவப்படுகிறது, எப்படி நிறுத்தப்படுகிறது, கப்பலுக்குள் எப்படி அடங்குகிறது? மூக்குச் சக்கரத்தில் இழுதண்டு இருக்கிறதா, அல்லது உடலின் அடியில் உள்ள கொக்கிகளில் இழுவடம் மாட்டி ஏவப்படுகிறதா? தளத்தின் குறுக்கே உள்ள கம்பியைப் பிடித்து விமானத்தை நிறுத்தும் தடுப்புக் கொக்கி வாலடியில் இருக்கிறதா? இறக்கை மடங்குமா, மடங்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்குச் சிறியதா? இந்த மூன்றுக்கும் மாதிரியிலேயே விடை தெரிந்தால், பார்ப்பவர் கற்பனையை ஏற்றுக்கொள்கிறார். ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும், எவ்வளவு அழகாக நிறம் பூசியிருந்தாலும் அது சாம்பல் நிறம் அடித்த தரை விமானமாகவே தெரியும்.

இரண்டாவது, வரலாறு எந்த இடத்தில் கிளை பிரிகிறது என்பது. ஒரே ஒரு முடிவை மாற்றினால் போதும் என்ற நிலையில் கதை வலுவாக நிற்கும். மூன்றை மாற்றினால்தான் கதை நடக்கும் என்றால், அந்த மூன்றையும் மாதிரி தாங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அறுவையின் அளவு, அதாவது ரம்பமும் புட்டியும் உப்புத்தாளும் எவ்வளவு தேவைப்படும் என்பது. நான்காவது, கிட்டின் பெட்டியில் எழுதப்படாத மறைவான செலவுகள். இவை பணமாக மட்டும் வருவதில்லை, நேரமாகவும் இரண்டாவது கிட்டாகவும் கண்ணுக்குத் தெரியாத தூசியாகவும் வரும். ஐந்தாவது, மாதிரி முடிவடையும் வாய்ப்பு. பாதியில் நின்ற மாதிரி எந்தக் கேள்விக்கும் விடை சொல்வதில்லை என்பதால், இதற்கு நான் மற்றவற்றைவிடக் கூடுதல் எடை தருகிறேன்.

| அளவுகோல் | சின்னம் மாற்றம் | கப்பலுக்கு ஏற்றதாக்குதல் | கைவிடப்பட்ட திட்டம் | இரு கிட் இணைப்பு |
|---|---|---|---|---|
| எடுத்துக்காட்டு | கனடாவின் ஸ்கைஹாக் | ஜாகுவார் எம் | ஏ-12 அவெஞ்சர் 2 | இரட்டை எஞ்சின் ஸ்கைஹாக் |
| தளத்தின் மூன்று கேள்விகள் | கிட்டிலேயே விடை உண்டு | நீங்கள் விடை தர வேண்டும் | வடிவமைப்பாளர்கள் விடை தந்துவிட்டார்கள் | எல்லாம் உங்கள் பொறுப்பு |
| வரலாற்றில் மாற வேண்டியவை | ஒரு கொள்முதல் | ஒரு ரத்து முடிவு | ஒரு ரத்து முடிவு | பல |
| அறுவை | இல்லை அல்லது மிகக் குறைவு | நடுத்தரம் | குறைவு, ஆனால் பரப்பு வேலை மிகுதி | மிக அதிகம் |
| மறைவான செலவு | டெக்கால் (மாதிரியில் ஒட்டும் சின்னப் படலம்), ஆய்வு | உதிரிப் பாகங்கள், சில சமயம் இரண்டாவது கிட் | ரெசின் வேலை, சக்கரத் தாங்கிகள் | இரண்டு கிட், பேனல் கோடுகள் (உடல் தகடுகளின் இணைப்புக் கோடுகள்), காலம் |
| முடியும் வாய்ப்பு | மிக அதிகம் | நன்று | நன்று | குறைவு |

## முதல் வழி: சின்னமும் நிறமும் மட்டும்

இதை எளிய வழி என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அறுவை குறைவு என்பது உண்மை. ஆனால் சிந்தனை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்கைஹாக்கையே எடுத்துக்கொள்வோம். எட் ஹைன்மன் தலைமையில் டக்ளஸ் நிறுவனம் வடிவமைத்து, 1954 ஜூன் மாதம் முதன்முதலாகப் பறந்த விமானம் இது. இதன் இறக்கை நுனிக்கு நுனி ஏறத்தாழ 8.38 மீட்டர்தான். அதனால் மடக்கும் அமைப்பே தேவைப்படவில்லை. அந்த எடை மிச்சம். இந்தச் சிறிய உருவம்தான் இதைச் சிறிய கப்பல்களுக்கு ஏற்றதாக்கியது. மஜெஸ்டிக் வகுப்பைச் சேர்ந்த ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கப்பலிலிருந்து ஏ-4ஜி ஸ்கைஹாக்குகள் பறந்தன. கனடாவின் பொனவென்ச்சர் அதே வகுப்பைச் சேர்ந்த கப்பல். அதில் இருந்த பான்ஷி ஜெட் விமானங்கள் 1962-இல் விடைபெற்றபின், அவற்றின் இடத்துக்கு வேறு ஜெட் விமானம் வரவே இல்லை. கப்பல் 1970-இல் பணியிலிருந்து விலகியது. 1962-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட அந்த வெற்றிடத்தில் ஒரு ஸ்கைஹாக்கை வைக்க ஒரே ஒரு கொள்முதல் முடிவு மாறினால் போதும், சகோதரக் கப்பல் அதை ஏற்கெனவே மெய்ப்பித்திருக்கிறது. அதே வகுப்பின் இன்னொரு கப்பலான விக்ராந்த்திலும் சீ ஹாக்குகளுக்குப் பின் 1983-இல் சீ ஹாரியர் வரும்வரை இதேபோல ஓர் இடைவெளியைக் கற்பனை செய்யலாம்.

இங்கே ஆண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான வேலை. 1964 என்று வைத்தால், முதுகில் திமில் போல எழும்பிய மின்னணுக் கூடு இருக்கக் கூடாது, ஏனெனில் அது ஏ-4எஃப் காலத்தில்தான் வந்தது. வட்டச் சின்னத்தின் நடுவில் இருக்கும் மேப்பிள் இலை இயற்கையான இலையைப் போன்ற பழைய வடிவில் இருக்க வேண்டும். 1966 என்று வைத்தால், 1965 பிப்ரவரியில் புதிய கொடி வந்துவிட்டதால் பதினொரு முனைகள் கொண்ட கூர்மையான இலைக்கு மாற வேண்டும். 1968 பிப்ரவரிக்குப் பின் என்றால் மூன்று படைகளும் ஒன்றாக்கப்பட்டுவிட்டன, எனவே பக்கவாட்டில் கடற்படை என்ற சொல்லே பொருந்தாது. 1/72 அளவில், அதாவது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கில், அந்த இலை ஒரு மிளகளவுதான் இருக்கும். ஆனாலும் கண் அங்கேதான் போகிறது.

மறைவான செலவு டெக்காலில் இருக்கிறது. நீங்கள் கற்பனை செய்யும் படைக்குச் சின்னத் தாள் எவரும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று தாள்களிலிருந்து வட்டச் சின்னம் ஓரிடத்திலும் எழுத்துகள் வேறிடத்திலுமாகச் சேர்க்க வேண்டிவரும். வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறி வெள்ளை மையை அச்சிடாது. ஆகவே, சின்னத்தில் வெள்ளை இருந்தால் வெண்தாளில் அச்சிட்டு விளிம்பு ஒட்டி வெட்ட வேண்டும், அல்லது வெள்ளையை முதலில் மறைப்புத் தாள் வைத்துப் பூசிக்கொள்ள வேண்டும். மங்கிய சாம்பல் பரப்பில் நேரடியாக டெக்கால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளி போல மின்னும். முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, பிறகு டெக்கால், அதன்மேல் மங்கல் வார்னிஷ் என்ற வரிசையைத் தவறவிடக் கூடாது. நானே ஒருமுறை அவசரத்தில் முதல் பூச்சை விட்டுவிட்டு, வாலில் ஒட்டிய மூன்று இலக்க எண்ணை ஊசியால் குத்திக் குத்தி, மென்மையாக்கும் திரவம் விட்டு, இரண்டு மாலைகளைச் செலவழித்தும் கடைசி இலக்கத்தின் ஓரத்தில் அந்த மினுமினுப்பு போகவே இல்லை.

ஸ்கைஹாக்குக்கென்று இன்னொரு சிறு எச்சரிக்கை: நெடிய சக்கரத் தாங்கிகள் கொண்ட இந்த விமானத்தின் மூக்கில் போதிய எடை வைக்காவிட்டால் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும். உடலை ஒட்டுவதற்கு முன்பே ஈயக் குண்டுகளை வைத்துச் சமன் பார்த்துவிட வேண்டும்.

முதல் வாட்-இஃப் மாதிரி கட்டுபவருக்கும், கதையை நேசித்து ரம்பத்தை அஞ்சுபவருக்கும், ஒரே படைப்பிரிவில் நான்கைந்து விமானங்களை வரிசையாக நிறுத்த ஆசைப்படுபவருக்கும் இந்த வழியே சிறந்தது.

## இரண்டாம் வழி: தரை விமானத்தைக் கப்பலுக்கு ஏற்றுதல்

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம், தளத்தின் மூன்று கேள்விகளுக்கும் கட்டுபவரே கையால் விடை செய்ய வேண்டியிருக்கிறது.

ஜாகுவார் இதற்கு அருமையான பாடம், ஏனென்றால் இதில் கற்பனைக்கு ஓர் எல்லை வரலாற்றிலேயே வரையப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுக் கடற்படைக்கான ஜாகுவார் எம் முன்மாதிரி 1969-இல் பறந்தது, 1970-இல் கிளமன்சோ கப்பலில் சோதிக்கப்பட்டது. இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுவிட்டால் கப்பலில் இறங்கும் வேகத்தில் மீதமிருக்கும் உந்துவிசை போதுமா என்ற கவலை ஒருபுறமும் செலவு மறுபுறமும் இருக்க, 1973-இல் திட்டம் கைவிடப்பட்டு சூப்பர் எடாண்டார் என்ற வேறொரு விமானம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த 1973 முடிவை மட்டும் மாற்றுங்கள். 1982-இல் ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் சூப்பர் எடாண்டார்கள் எக்சோசெட் ஏவுகணையால் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கியதுபோல ஜாகுவார்கள் செய்திருக்குமா என்ற கேள்வி வரை கதை நீளும்.

மாதிரியில் என்னென்ன மாற வேண்டும்? சாதாரண ஜாகுவாரின் பிரதான தாங்கிகளில் பக்கத்துக்கு இரண்டு சிறிய சக்கரங்களும் மூக்கில் ஒன்றும் இருக்கும். கடற்படை வடிவத்தில் இது தலைகீழானது: பிரதான தாங்கியில் ஒற்றைச் சக்கரம், மூக்கில் இரட்டைச் சக்கரம். இந்த ஒரு மாற்றம் மட்டுமே மாதிரியின் தோற்றத்தை முற்றிலும் வேறாக்கிவிடுகிறது. தரை ஜாகுவாருக்கும் வாலடியில் அவசரக் கொக்கி உண்டு. அதைக் கழற்றிவிட்டுப் பித்தளைக் கம்பியில் தடித்த கொக்கி ஒன்றைச் செய்து, நுனியை அரத்தால் சற்றே தட்டையாக்கிப் பொருத்தினால் விமானம் கம்பியைப் பிடிக்கத் தயாராக நிற்பதுபோலத் தெரியும். இறக்கையின் அளவு 8.69 மீட்டர். ஸ்கைஹாக்கைவிட 31 சென்டிமீட்டர்தான் அதிகம் என்பதால், மடக்காமல் விட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு கணக்கு பல நாள் வேலையை மிச்சப்படுத்துகிறது.

நிறத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் வட்டச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் கருநங்கூரத்தை மறக்கக் கூடாது. விமானப்படையின் சின்னத்தை அப்படியே ஒட்டினால், இத்தனை அறுவைக்கும் பிறகு மாதிரி மீண்டும் தரைக்கே போய்விடும்.

இதே வழியில் எதிர்த்திசையில் போகும் ஒரு யோசனையும் உண்டு. கடற்படைக்காகப் பிறந்த ஏ-7 கோர்சேர் 2 விமானத்தின் உடலை நீட்டி, பின்னெரிப்பு எஞ்சின் பொருத்தி, அமெரிக்க விமானப்படைக்காக இரண்டு ஒய்ஏ-7எஃப் முன்மாதிரிகள் செய்யப்பட்டன. முதலாவது 1989-இல் பறந்தது. அதைக் கடற்படை வாங்கியிருந்தால்? உடல் நீட்டிப்பு ஏறத்தாழ 1.2 மீட்டர், அதாவது 1/72 அளவில் 17 மில்லிமீட்டர். இறக்கைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு துண்டுகளாக இதைச் செருக வேண்டும். உடலின் குறுக்குவெட்டு இடத்துக்கு இடம் மாறுவதால் தட்டைப் பிளாஸ்டிக்கை மட்டும் அடுக்கி இதைச் செய்வது கடினம். இரண்டாவது ஏ-7 கிட் ஒன்றை வெட்டி எடுப்பதே நேரான வழி. மறைவான செலவு என்று நான் சொன்னது இதைத்தான். நீண்ட உடல் கேட்டபல்ட்டிலிருந்து (கப்பலின் ஏவு கருவியிலிருந்து) எழும்போது வால் தளத்தில் இடிக்காதா என்றும் யோசிக்க வேண்டும். மூக்குத் தாங்கியையும் பிரதான தாங்கியையும் ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அந்தக் கேள்விக்கும் விடை மாதிரியிலேயே தெரியும்.

இந்த வழியில் நேரம் எங்கே போகிறது என்று முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வெட்டுவது ஒரு மாலை வேலை. வெட்டிய இணைப்பு தெரியாமல் மறைப்பதற்கு நாட்கள் ஆகும். புட்டி வைத்துக் காயவிட்டு, 400, 800, 1200 என்று உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் நேற்று இல்லாத ஒரு மயிரிழைக் கோடு இன்று தெரியும். மீண்டும் புட்டி. மூன்றாவது சுற்றில்தான் ஒளி தடையின்றி உடலின்மேல் வழுக்கிச் செல்லும். அந்தச் சுற்று வரை பொறுமை உள்ளவருக்கு, இரண்டு மூன்று கிட்களையாவது முன்பு முடித்தவருக்கு, இதைவிட நிறைவான வழி வேறில்லை.

## மூன்றாம் வழி: கைவிடப்பட்ட திட்டம்

ஏ-12 அவெஞ்சர் 2 இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஏ-6 இன்ட்ரூடருக்கு மாற்றாக மெக்டானல் டக்ளஸும் ஜெனரல் டைனமிக்ஸும் இணைந்து உருவாக்கிய இந்த முக்கோணப் பறக்கும் இறக்கையை, 1991 ஜனவரி 7 அன்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் டிக் செய்னி ரத்து செய்தார். ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. விரிந்த நிலையில் 21.4 மீட்டர் அகலம், மடக்கினால் சுமார் 11 மீட்டர். தளத்தின் கேள்விகளுக்கு வடிவமைப்பாளர்களே விடை தந்துவிட்டார்கள் என்பது இந்த வழியின் பெரிய வசதி.

அலமாரியை இப்போதே அளந்துகொள்ளுங்கள். 1/72 அளவில் அகலம் சுமார் 297 மில்லிமீட்டர், 1/48 என்றால் 446. நீளமோ 1/72-இல் சுமார் 160 மில்லிமீட்டர்தான்.

இத்தகைய திட்டங்களுக்குப் பெரும்பாலும் சிறு தயாரிப்பாளர்களின் ரெசின் கிட்களே கிடைக்கும். பாகங்கள் குறைவு, வடிவம் எளியது என்று தோன்றும். ஆனால் ஆயுதங்கள் அனைத்தும் உள்ளே அடங்கிய, ஏறக்குறைய வெறுமையான ஒரு பரப்பில் ஊசிமுனைக் குமிழிகூட ஒளிந்துகொள்ள இடமில்லை. பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினை ஒட்டாது, சூப்பர் குளூ அல்லது எப்பாக்சிதான் வேண்டும். வளைந்து வந்த இறக்கையை வெந்நீரில் இட்டு மெல்ல நேராக்கிக் குளிர்நீரில் நிலைநிறுத்த வேண்டும். கெட்டியான ரெசின் உடலின் எடையை ரெசின் தாங்கிகள் நாளடைவில் தாங்காமல் வளையும் என்பதால் பித்தளைக் கம்பியால் உள்ளீடு தருவது அவசியம். ரெசின் தூசி நுரையீரலுக்குத் தீங்கு. நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகமூடி இல்லாமல் தொடக் கூடாது. இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

ரெசினை விரும்பாதவர் ஏ-6எஃப் பக்கம் பார்க்கலாம். எஃப்404 எஞ்சின்களோடு 1987-இல் பறந்து, பின்னர் கைவிடப்பட்ட இன்ட்ரூடர் இது. வழக்கமான ஏ-6ஈ பிளாஸ்டிக் கிட்டிலிருந்தே தொடங்கலாம் என்பதால் முதல் இரண்டு வழிகளுக்கும் மூன்றாவதற்கும் இடையில் இது ஒரு நல்ல பாலம். 1980-கள் தொடங்கி வந்த அமெரிக்கக் கடற்படை விமானங்களுக்கு எஃப்.எஸ். (அமெரிக்க அரசின் நிற எண் முறை) 36375, 36320, 35237 என்ற மங்கிய சாம்பல்கள் பொருந்தும். அதற்கு முந்தைய காலம் என்றால் மேலே 36440 கடற்பறவைச் சாம்பலும் கீழே வெள்ளையும் பூச வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மாதிரியில் கலந்துவிட்டால் காலம் குழம்பிவிடும்.

நூலகமும் வரைபடமும் பிடிக்கும், அறுவை பிடிக்காது என்பவருக்கு இவ்வழி ஏற்றது.

## நான்காம் வழி: இரண்டு கிட்களை இணைத்தல்

இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது, ஆனால் தயக்கமின்றிப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஒரு ஸ்கைஹாக்குக்கு இரட்டை எஞ்சின் வைக்க நான் தொடங்கிய மாதிரியைச் சொல்கிறேன். எஞ்சின்கள் இரண்டானதால் உடல் அகன்றது. உடல் கனத்ததால் பெரிய இறக்கை தேவைப்பட்டது. இறக்கை பெரிதானதும் மடக்குக் கீல் தேவைப்பட்டது. கீல் வந்ததும் அதன் வெளிப்பக்கத்தில் இருந்த ஆயுதத் தாங்கி இடம் மாற வேண்டியிருந்தது. ஹைன்மன் மடக்காத இறக்கையால் சேமித்த எடையை நான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது பாதி வழியில்தான் புரிந்தது. அந்த மாதிரி இரண்டு ஆண்டுகளாகப் பிரைமர் நிலையிலேயே இருக்கிறது.

மறைவான செலவுகள் இங்கே மிகுதி. இரண்டு தயாரிப்பாளர்களின் பேனல் கோடுகள் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஒன்றில் அகன்ற பள்ளமும் மற்றதில் மெல்லிய கீறலும் இருந்தால், நிறம் பூசியபின் இணைப்பு தானாகக் காட்டிக்கொடுக்கும், ஆகவே ஒரு பக்கத்தை முழுதும் நிரப்பிப் புதிதாகக் கீற வேண்டும்.

இருந்தாலும், உடைந்த கிட்களின் எச்சங்கள் ஏராளமாக வைத்திருப்பவர், முடிவைவிட வடிவமைப்பு விளையாட்டையே விரும்புபவர், முன்பே இரண்டாம் வழியில் ஒன்றை முடித்தவர் ஆகியோருக்கு இது திறந்த வெளி. ஒரு நிபந்தனை மட்டும் சொல்வேன்: ரம்பத்தைத் தொடும் முன், எந்தக் கப்பல் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 20,000 டன் அளவுள்ள மெல்போர்னா, 32,000 டன் கிளமன்சோவா, அமெரிக்கப் பெருங்கப்பலா என்பது தெரிந்துவிட்டால், இறக்கையின் எல்லையும் எடையின் எல்லையும் தாமாகவே வந்துவிடும். பிரிட்டிஷ் கடற்படைத் தாக்குதல் விமானமான பக்கனியரின் வடிவமைப்பாளர்கள்கூட அப்படித்தான் சிந்தித்திருக்கிறார்கள். இறக்கை மடங்குகிறது, மூக்கு மடங்குகிறது, வாலின் வேகத் தடுப்புத் தகடுகள் திறந்து நீளத்தைக் குறைக்கின்றன. எல்லாமே கப்பலின் தூக்கி மேடையின் அளவுக்காகத்தான்.

## 1/72-ஆ, 1/48-ஆ?

இதற்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். சின்னம் மாற்றத்துக்கும் ரெசின் திட்டங்களுக்கும் 1/72 போதும். கிட்களும் சின்னத் தாள்களும் மிகுதி, இடமும் குறைவு. தாங்கியும் கொக்கியும் கையால் செய்ய வேண்டிய இரண்டாம் வழிக்கு 1/48 உகந்தது. அரை மில்லிமீட்டர் கம்பியை 1/72-இல் வளைப்பதும் 1/48-இல் முக்கால் மில்லிமீட்டர் கம்பியை வளைப்பதும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் எவ்வளவு வேறு என்று புரியும். ஆனால் பக்கனியரின் 19.33 மீட்டர் நீளம் 1/48-இல் 403 மில்லிமீட்டர் ஆகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரு கிட்களை இணைப்பவர் எந்த அளவை எடுத்தாலும் சரி, இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 1/72 விமானத்தில் 1/48 விமானியின் கூண்டைப் பொருத்தினால் அளவுணர்வே கெட்டுவிடும்.

## உங்கள் நிலைக்கு எது

கையில் ஸ்கைஹாக் கிட் இருந்து, இதற்குமுன் வாட்-இஃப் செய்ததில்லை என்றால், பொனவென்ச்சர் கப்பலின் 1964-ஐத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரத்தைக் கிட்டைத் தொடாமல் இலையின் வடிவத்தையும் எழுத்தின் உயரத்தையும் கண்டறியவே ஒதுக்குங்கள். சில கிட்கள் முடித்து, புட்டி வேலையில் கை பழகியிருந்தால் ஜாகுவார் எம். அதில் சக்கரங்களை முதலில் மாற்றிப் பாருங்கள். அந்த ஒரு மாற்றம் ஒட்டாமல் பொருத்திப் பார்க்கும்போதே உங்களைக் கவரவில்லையென்றால், உடலில் கத்தி வைக்காமல் அதையே தரை விமானமாக முடித்துக்கொள்ளலாம், கிட் வீணாகாது. ரெசினுக்குத் தனி மேசையும் காற்றோட்டமும் இருந்தால் ஏ-12, இல்லையெனில் ஏ-6எஃப். நான்காம் வழியில் மனம் நிற்குமானால், பழைய, மலிவான இரண்டு கிட்களில் இணைப்பை ஒருமுறை செய்து பாருங்கள். முதல் பிரைமர் பூச்சுக்குப் பிறகும் ஆசை குறையவில்லையென்றால், நல்ல கிட்களைத் திறக்கலாம்.